ஜேஎஸ்இ பங்குகளுக்கு ஒரு மொமென்டம் நிரல்: விலைத்தரவைச் செப்பனிட்ட அனுபவம்

கடந்த ஓராண்டில் மற்றவற்றைவிட நன்றாக ஏறிய பங்குகளை வாங்கி, மாதந்தோறும் அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கும் விதியை மொமென்டம் என்கிறோம். ஜெகதீஷ், டிட்மன் ஆகிய இருவர் அமெரிக்கப் பங்குகளைக் கொண்டு 1993இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உலகின் பல சந்தைகளில் இது சோதிக்கப்பட்டிருக்கிறது. பைதான் நிரல்மொழியில், தரவு அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தைக் கொண்டு எழுதினால் கணக்கின் மையப்பகுதி பத்து வரிகளுக்குள் அடங்கிவிடும். அதே விதியை ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தையாகிய ஜேஎஸ்இக்குப் பொருத்தி, டர்பனின் சாட்ஸ்வர்த்தில் கூடும் எங்கள் தமிழ்ச் சேமிப்புக் குழு தன் சொந்தப் பணத்தைக் கொண்டு பின்பற்றக்கூடிய நிரலாக ஆக்கியபோது, அந்தப் பத்து வரிகளுக்கு வெளியே எழுதவேண்டியிருந்தவையே வேலையின் பெரும்பகுதி. இங்கே நான் பதிவது அந்தப் பகுதியை.

குழுவின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நிரலின் பல முடிவுகள் அதிலிருந்தே வந்தன. எங்களிடம் பொதுப் பணப்பெட்டி கிடையாது. ஒவ்வொருவரும் தத்தம் பெயரில் தரகர் கணக்கு வைத்திருக்கிறார்கள்; மாத இறுதியில் நிரல் ஒரு பட்டியலைத் தரும், வாங்குவதும் விற்பதும் அவரவர் முடிவு. கடன் வாங்கி வணிகம் செய்வதில்லை, விலை இறங்கும் என்று கருதி இரவல் பங்கை விற்பதும் இல்லை. ஆகவே இந்த நிரலுக்கு வேகம் தேவையில்லை. அது தருகிற எண் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும், அவ்வளவே. சர்க்கரை ஆலை ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் முதல் கூட்டத்திலேயே, "தம்பி, லாபத்த அப்புறம் காட்டுங்க. இந்த விலையெல்லாம் எங்கேருந்து வந்துச்சு, யார் சரிபார்த்தா, அத முதல்ல சொல்லுங்க" என்றார். கணக்கர் ஒருவர் கேட்கவேண்டிய சரியான கேள்வி அது. அவர் கேட்ட வரிசையிலேயே வேலையைத் தொடங்கினேன்.

ஜேஎஸ்இயில் பங்கு விலைகள் தென்னாப்பிரிக்க நாணயமாகிய ரேண்டில் அல்லாமல், அதன் நூறில் ஒரு பங்காகிய சென்டில் குறிக்கப்படுகின்றன. 3000 ரேண்டு விலையுள்ள பங்கு திரையில் 300000 என்று நிற்கும். இது தெரிந்துவிட்டால் நூறால் வகுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் நாங்கள் வாங்கிய தரவில் ஒரே பங்கின் வரிசைக்குள் சில நாட்கள் மட்டும் ரேண்டிலும் மற்ற நாட்கள் சென்டிலும் பதிவாகியிருந்தன. அப்படி ஒரு நாள் நுழைந்தாலே அந்தப் பங்கு நூறு மடங்கு ஏறியதாகவோ தொண்ணூற்றொன்பது விழுக்காடு வீழ்ந்ததாகவோ கணக்கு காட்டும். மொமென்டம் நிரல் அதை உடனே பட்டியலின் உச்சியில் தூக்கி வைக்கும். நேற்றைய விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள விகிதம் ஐம்பதுக்கு மேல் போனாலோ ஐம்பதில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினாலோ நிரல் நின்றுவிடும்படி ஒரு சோதனையை எழுதினேன். நிற்கும், தானாகத் திருத்தாது. காரணம், பல பங்குகளை ஒன்றாக ஒருங்கிணைக்கும்போதும் ஒரு பங்கைப் பலவாகப் பிரிக்கும்போதும் இதே போன்ற தாவல் உண்மையாகவே நிகழக்கூடும். எது பிழை, எது நிகழ்வு என்பதைப் பங்குச் சந்தையின் செய்தி அறிவிப்புச் சேவையாகிய சென்ஸில் நிறுவனம் வெளியிட்ட அறிவிப்பைப் படித்து ஒரு மனிதர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

வணிக நாட்காட்டியை விதிகளைக் கொண்டு கணித்துவிட முடியாது என்பதும் விரைவில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையில் வரும் பொது விடுமுறை திங்களுக்கு நகரும் என்பது போன்ற விதிகளை எழுதிவிடலாம். ரக்பி உலகக் கோப்பையை நாடு வென்றதற்காக 2023 டிசம்பர் 15 விடுமுறையாக அறிவிக்கப்பட்டதையும், தேர்தல் நாளாகிய 2024 மே 29 விடுமுறையானதையும் எந்த விதியும் முன்கூட்டிச் சொல்லாது. தரவில் அத்தகைய நாட்களில் முந்தைய நாளின் விலை அப்படியே திரும்ப எழுதப்பட்டிருந்தது. சந்தை முழுவதிலும் கைமாறிய பங்குகளின் அளவு சுழியமாக இருக்கும் நாளை நாட்காட்டியிலிருந்து நீக்கிவிடும்படி செய்தேன்.

ஈவுத்தொகையில் நாள் பொருத்தம் முக்கியம். 2016 ஜூலை 11 முதல் ஜேஎஸ்இயில் வணிகத்தின் தீர்வு, அதாவது பணமும் பங்கும் கைமாறுவது, மூன்று வணிக நாட்களில் நடக்கிறது. அதற்கு முன்பு ஐந்து நாட்கள். இப்போதைய வழக்கப்படி ஈவுத்தொகைக்கு உரிமை பெற வாங்கவேண்டிய கடைசி நாள் செவ்வாய், உரிமையின்றிப் பங்கு விலைபோகத் தொடங்கும் நாள் புதன், உரிமையுள்ளவர்களின் பட்டியல் எடுக்கப்படும் பதிவு நாள் வெள்ளி, பணம் வருவது அடுத்த திங்கள். எங்கள் தரவில் ஈவுத்தொகை பதிவு நாளின்மீது குறிக்கப்பட்டிருந்ததால், புதனன்று விலை இறங்கியது நட்டமாகவும் வெள்ளியன்று காரணமின்றி ஒரு வரவாகவும் தோன்றியது. மாதம் முழுதுக்குமான கணக்கில் இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். ஆனால் மாத இறுதி அந்த இரண்டு நாட்களுக்கு இடையே விழுந்தால் கழிக்காது. 2016 ஜூலைக்கு முன்னும் பின்னும் இரண்டு வெவ்வேறு விதிகளை எழுதி நாட்களை நகர்த்தினேன். தனிநபருக்கு ஈவுத்தொகையில் 20 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படுவதால் (2017 பிப்ரவரிக்கு முன்பு 15 விழுக்காடு), அதைக் கழித்த தொகையையே மீண்டும் முதலீடு செய்ததாகக் கொண்டேன்.

மிக அதிகமாக உழைப்பைக் கேட்டது நிறுவனப் பிரிப்பு. இந்தச் சந்தையின் பெரிய நிறுவனங்கள் தம்முள் அடங்கிய ஒரு தொழிலைத் தனி நிறுவனமாகப் பட்டியலிட்டு, அதன் பங்குகளைத் தம் பங்குதாரர்களுக்கே கொடுத்துவிடுவது அடிக்கடி நிகழ்கிறது. 2015 மே மாதம் பிஎச்பி பில்லிட்டன், சவுத்32 நிறுவனத்தை ஒன்றுக்கு ஒன்று வீதம் பிரித்துக் கொடுத்தது. 2019 பிப்ரவரியில் நாஸ்பர்ஸ் மல்டிசாய்ஸைப் பிரித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சீன நிறுவனமாகிய டென்சென்டின் பங்குகள் உள்ளிட்ட தன் வெளிநாட்டு இணையச் சொத்துகளைப் புரோசஸ் என்ற பெயரில் ஆம்ஸ்டர்டாமிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் பட்டியலிட்டு, ஏறத்தாழ 73 விழுக்காட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மீதியைப் பங்குதாரர்களிடம் விட்டது. 2021 ஜூனில் ஆங்கிலோ அமெரிக்கன் தன் தென்னாப்பிரிக்க நிலக்கரித் தொழிலைத் துங்கேலா என்ற பெயரில் பிரித்து, பத்துப் பங்குக்கு ஒரு பங்கு கொடுத்தது.

வெறும் விலை வரிசையை மட்டும் பார்க்கும் நிரலுக்கு இவை அனைத்தும் வீழ்ச்சிகளாகவே தெரியும். ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். தாய் நிறுவனத்தின் விலை நேற்று 1000 ரேண்டு. இன்று 760 ரேண்டு. இன்று முதல்முறையாக விலைபோகும் சேய் நிறுவனம் 250 ரேண்டு. ஒன்றுக்கு ஒன்று வீதம் கொடுக்கப்பட்டது. விலை வரிசை 24 விழுக்காடு நட்டம் என்கிறது. பங்குதாரரின் கையில் இருப்பதோ 1010 ரேண்டு, அதாவது ஒரு விழுக்காடு லாபம். அந்த இல்லாத நட்டம் பன்னிரண்டு மாதச் சாளரத்தைவிட்டு வெளியேறும்வரை, அந்தப் பங்கு எவ்வளவு நன்றாக நடந்தாலும் நிரல் அதை ஒதுக்கிக்கொண்டே இருக்கும். தரவு வழங்குநர்களின் "திருத்தப்பட்ட விலை" என்னும் நெடுவரிசை பங்குப் பிரிப்புக்கும் பணமாக வரும் ஈவுத்தொகைக்கும் திருத்தியிருந்தது. பங்காக வரும் இந்த ஈவுக்குப் பல இடங்களில் திருத்தவில்லை. ஆகவே நிறுவனப் பிரிப்புகள் ஒவ்வொன்றையும் சென்ஸ் அறிவிப்பிலிருந்து எடுத்து, தாய், சேய், விகிதம், முதல் நாள் என நான்கு நெடுவரிசைகள் கொண்ட ஒரு சிறு கோப்பாக நானே தொகுத்தேன். நிரல் அந்தக் கோப்பைப் படித்து, முதல் நாள் இறுதி விலையில் சேய்ப் பங்கின் மதிப்பைத் தாயின் வருவாயோடு கூட்டுகிறது.

இங்கே ஒரு முடிவை எடுக்கவேண்டியிருந்தது: கையில் வந்து சேர்ந்த சேய்ப் பங்கை என்ன செய்வது? துங்கேலா பட்டியலிடப்பட்ட தொடக்க நாட்களில் இருபதுகளில் இருந்த அதன் விலை, அடுத்த ஆண்டு உலக நிலக்கரி விலை ஏறியபோது 300 ரேண்டைத் தாண்டியது. அதை வைத்திருந்ததாகக் கணக்கிட்டால், பழைய தரவில் விதியை ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்டின் முடிவு மிக அழகாக வரும். ஆனால் அந்த அழகு விதியால் வந்ததன்று. தானாக மடியில் விழுந்த ஒரு பங்கால் வந்தது. மொமென்டம் விதிக்குப் பன்னிரண்டு மாத விலை வரலாறு தேவை, முதல் நாளன்று சேய்க்கு அந்த வரலாறு கிடையாது. எனவே முதல் நாள் இறுதியிலேயே விற்றுவிட்டதாகக் கொள்வதே விதிக்கு நேர்மையானது என்று குழுவிடம் வாதிட்டேன், அவர்களும் ஏற்றார்கள்.

மறைந்துபோன நிறுவனங்களுக்கும் இதே அளவு கவனம் வேண்டும். இன்று பட்டியலில் இருக்கும் பங்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு பதினைந்து ஆண்டுகள் பின்னோக்கிச் சோதித்தால், பிழைத்தவர்களை மட்டுமே சோதித்ததாகும். ஒரே நாளில், 2017 டிசம்பர் 6 அன்று, தன் மதிப்பில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் இழந்த ஸ்டைன்ஹாஃப் அன்று, ஜேஎஸ்இயின் நாற்பது பெரிய நிறுவனங்களைக் கொண்ட டாப் 40 குறியீட்டில் இருந்தது. இன்று பட்டியலிலேயே இல்லை. ஏபி இன்பெவ் வாங்கிக்கொண்டதால் 2016இல் மறைந்த எஸ்ஏபிமில்லர் நல்ல விலைக்கு மறைந்தது. அதையும் விட்டுவிடக் கூடாது. ஐயா தனியாக ஒரு பெயரை வற்புறுத்தினார்: டொங்காட் ஹியூலட். "எங்க தாத்தா பாட்டி கரும்பு வெட்டின மண்ணு தம்பி. அது விழுந்ததயும் உங்க கணக்கு பாக்கணும்" என்றார். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்கள் உழைத்த நேட்டால் கரும்பு நிலத்தில் வேரூன்றிய அந்த நிறுவனத்தின் பங்கு, பழைய கணக்குகள் நம்பத்தக்கவையல்ல என்று தெரியவந்ததால் 2019 ஜூனில் வணிகத்திலிருந்து நிறுத்திவைக்கப்பட்டது. நிறுவனம் 2022 அக்டோபரில் மீட்பு நடவடிக்கைக்குள் சென்றது.

நிறுத்திவைக்கப்பட்ட பங்குக்கு என்ன விலை போடுவது? கடைசி விலையை அப்படியே நீட்டிக்கொண்டுபோனால் நட்டம் ஒருபோதும் கணக்கில் ஏறாது. நிறுத்தப்பட்ட நாளிலேயே மதிப்பைச் சுழியமாக்கி, வணிகம் மீண்டும் தொடங்கினால் அன்றைய விலைக்கு வரவு வைக்கும்படி எழுதினேன். இது கடுமையான விதி. ஆனால் அவசரத்துக்குப் பணம் தேவைப்படும் உறுப்பினரின் நிலையிலிருந்து பார்த்தால், விற்க முடியாத பங்கின் மதிப்பு அதுவே. இந்தச் சோதனைக்காகத் தேர்வுக்களத்தையும் விரிவாக்கினேன்: ஒவ்வொரு மாத இறுதியிலும் அன்றைய நிலையில் சந்தை மதிப்பில் முதல் நூறு பங்குகள், அவற்றில் எங்கள் சிறு ஆணைகளைத் தாங்குமளவுக்கு நாள்தோறும் கைமாறுபவை மட்டும்.

தரவு இந்த நிலைக்கு வந்த பிறகே அந்தப் பத்து வரிகள் பொருள் பெற்றன. கடைசி மாதத்தைத் தவிர்த்து அதற்கு முந்தைய பதினொரு மாதங்களின் மொத்த வருவாயைக் கணக்கிட்டு, பங்குகளைத் தரவரிசைப்படுத்தி, முதல் பத்தை எடுக்கிறேன். மாதத்தின் கடைசி இறுதி விலையில் கணக்கு. அடுத்த வணிக நாளின் மாலை 4.50 முதல் 5 மணி வரை நடக்கும் இறுதி ஏலத்தில் வாங்கல், விற்றல். கணக்கிட்ட விலையிலேயே வாங்கியதாகக் கொண்டுவிடும் பிழை நிரலில் மிக எளிதாக நுழையும் என்பதால், தரவரிசை அட்டவணை முழுவதையும் ஷிஃப்ட் கட்டளையால் இரண்டு வணிக நாள் தள்ளி வைத்த பிறகே வருவாயோடு பெருக்குகிறேன்.

இங்கேதான் இந்தச் சந்தையின் தனித்தன்மை வெளிப்பட்டது. தேர்வான பங்குகளின் பட்டியலை ஆண்டுவாரியாக அச்சிட்டுப் பார்த்தபோது, சில காலங்களில் பத்தில் பெரும்பாலானவை ரிச்மாண்ட், பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ, நாஸ்பர்ஸ், பிஎச்பி போன்றவை. வேறு சில காலங்களில் வங்கிகளும் சில்லறை விற்பனைக் கடைகளும். முதல் வகையினர் ஜோகன்னஸ்பர்க்கில் பட்டியலிடப்பட்டிருந்தாலும் சம்பாதிப்பது வெளிநாட்டுப் பணத்தில். ரேண்டு சரிந்தால் அவற்றின் ரேண்டு விலை ஏறும். ரேண்டு வலுத்தால் உள்நாட்டு வங்கிகளும் கடைகளும் ஏறும். ஆக, பத்து வெவ்வேறு நிறுவனங்களை வாங்கியிருப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கும்போது, நிரல் உண்மையில் ரேண்டின்மீது ஒரே பந்தயத்தைப் பத்துப் பெயர்களில் கட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பந்தயம் எவ்வளவு பெரியது என்பதற்கு 2015 டிசம்பரே போதும். டிசம்பர் 9 மாலையில் நிதியமைச்சர் நன்லான்லா நேனே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ரேண்டு சரிந்தது, அடுத்த இரண்டு வணிக நாட்களில் வங்கிப் பங்குகள் மிகக் கடுமையாக வீழ்ந்தன, வெளிநாட்டு வருமானம் உள்ளவை தாக்குப்பிடித்தன. நான்கு நாளில் பிரவீன் கோர்தன் அந்தப் பொறுப்புக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டார். 2016 ஜனவரியில் ஒரு டாலர் 16 ரேண்டைத் தாண்டியது. 2018 பிப்ரவரியில் 12 ரேண்டுக்கும் கீழே வந்தது. மொமென்டம் விதி ரேண்டு வீழ்ந்து முடித்த பிறகு வெளிநாட்டு வருமானப் பங்குகளால் நிரம்பியிருக்கும். திருப்பம் வரும்போது அனைத்தும் ஒரே திசையில் அடிபடும். நிறுவனங்களின் தொழில் வகையைக் கொண்டு பிரித்து வைப்பது இதற்கு மருந்தாகாது: ஆடம்பரப் பொருள், புகையிலை, இணையம், சுரங்கம் எனத் தொழில்கள் நான்காக இருந்தாலும் பந்தயம் ஒன்றே.

ஆகவே ஒவ்வொரு பங்கின் கடந்த 36 மாத வருவாயையும் டாலருக்கு எதிரான ரேண்டின் மாற்று விகித மாற்றத்தோடு நேர்கோட்டுப் பொருத்தம் செய்து, அதன் சாய்வை எடுத்தேன். டாலர் ஒரு விழுக்காடு விலையேறினால் இந்தப் பங்கு சராசரியாக எத்தனை விழுக்காடு நகரும் என்பதே அந்த எண். பைதானின் கணித நூலகமாகிய நம்பையின் குறைந்த வர்க்கக் கட்டளை ஒன்றே இதற்குப் போதுமானது. பத்துப் பங்குகளின் சாய்வுகளைச் சராசரி செய்தால் தொகுப்பின் ரேண்டுச் சார்பு கிடைக்கும். அது கூட்டல் அல்லது கழித்தல் 0.5 என்ற எல்லையைத் தாண்டினால், தொகுப்பில் கடைசித் தரத்தில் உள்ள அதே திசைப் பங்கை நீக்கி, தரவரிசையில் அடுத்ததாக வரும் எதிர்த்திசைப் பங்கைச் சேர்க்கிறது நிரல். எல்லைக்குள் வரும்வரை இதையே தொடர்கிறது. 0.5 என்பது கணிதம் தந்த எண்ணன்று. உறுப்பினர்கள் தாங்கக்கூடிய ஏற்றத்தாழ்வை விவாதித்து வைத்துக்கொண்ட எல்லை. இதனால் சில நல்ல ஆண்டுகளின் லாபம் குறைகிறது. ரேண்டு எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளாமல் இருப்பதற்கு அந்த விலையைக் கொடுக்க நான் மனமார உடன்படுகிறேன்.

செலவுக் கணக்கு குறுகியது, ஆனால் ஈவிரக்கமற்றது. பங்கு வாங்கும்போது பத்திர மாற்று வரி 0.25 விழுக்காடு. எங்கள் கணக்குகளில் தரகு இருபுறமும் 0.25 விழுக்காடு, அதன்மேல் 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி. ஆக ஒரு புறத்துக்கு 0.2875. வாங்கி விற்கும் ஒரு சுற்றுக்கு மொத்தம் 0.825 விழுக்காடு, தீர்வுக் கட்டணமும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் தனி. மாதந்தோறும் தொகுப்பில் மூன்றில் ஒரு பங்கு மாறினால் ஆண்டுக்கு நான்கு முழுச் சுற்று, அதாவது 3.3 விழுக்காடு. இதற்கு எதிரே நிற்பது, டாப் 40 குறியீட்டின் பங்குகளை அப்படியே வைத்திருக்கும் சாட்ரிக்ஸ் 40 போன்ற ஒரு குறியீட்டு நிதி. அதை வாங்க இந்தப் பத்திர மாற்று வரியே கிடையாது, வாங்கியபின் தொடவேண்டியதும் இல்லை. எனவே நுழைய முதல் பத்துக்குள் வரவேண்டும், ஆனால் இருபத்தைந்துக்குக் கீழே இறங்கினால் மட்டுமே வெளியேற வேண்டும் என்று விதியைத் தளர்த்தினேன். தரவரிசையில் பத்தாவதுக்கும் பதினைந்தாவதுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் தற்செயல், அதற்காக 0.825 விழுக்காடு கொடுப்பதில் பொருளில்லை.

விதிகளை 2018 இறுதிவரையான தரவிலேயே வடிவமைத்து, எழுத்தில் வைத்து, உறுப்பினர்கள் கையொப்பமிட்ட பிறகே 2019 முதலான தரவைத் திறந்தோம். எல்லாச் செலவும் கழித்தபின் கிடைத்த முடிவு, குறியீட்டு நிதியைவிடச் சற்று மேலாக, ஆனால் கொரோனாவால் சந்தைகள் சரிந்த 2020 மார்ச் போன்ற மாதங்களில் அதே அளவு வலியோடு இருந்தது. இதைக் கண்டு இரண்டு உறுப்பினர்கள் குறியீட்டு நிதியிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னார்கள். அது தெளிவாகச் சிந்தித்து எடுத்த முடிவு. நிரல் அவர்களுக்கும் பயன்பட்டது என்றே கருதுகிறேன்.

நடைமுறையில் நிரல் ஒரு சிறிய ராஸ்பெர்ரி பை கணினியில் ஓடுகிறது. கட்டம் கட்டமாகக் கூட்டப்படும் நாட்டின் மின்வெட்டு ஆறாம் கட்டத்தை எட்டிய காலத்தை மனத்தில் வைத்து, பாதியில் நின்றாலும் மீண்டும் ஓடும்போது அதே விடையைத் தரும்படி, ஒவ்வொரு படியின் விளைவையும் தனிக்கோப்பில் தேதியோடு எழுதி வைக்கிறது. உறுப்பினர்கள் உண்மையில் வாங்கிய விலையை அனுப்பினால் அதை நிரல் கருதிய விலையோடு ஒப்பிட்டு வேறுபாட்டையும் சேர்த்து வைக்கிறது. அந்த இடைவெளி செலவுக் கணக்கில் நான் போட்டதைவிட அதிகமானால் தேர்வுக்களத்தின் அடிப்பகுதிப் பங்குகளை நீக்க வேண்டியிருக்கும்.

கடைசியாகச் சேர்த்தது வரிக்கான பகுதி. மூன்று ஆண்டுகள் வைத்திருந்த பங்கை விற்றால் அந்த லாபம் மூலதன லாபமாகவே கொள்ளப்படும் என்று வருமான வரிச் சட்டத்தின் 9சி பிரிவு உறுதியளிக்கிறது. தனிநபருக்கு அந்த லாபத்தில் 40 விழுக்காடே வருமானத்தோடு சேரும். எங்கள் பங்குகள் பெரும்பாலும் அதற்கு முன்பே விற்கப்படுவதால், மாதந்தோறும் விற்று வாங்குபவரின் லாபத்தை வரித்துறை வணிக வருமானமாகக் கருதி முழுமைக்கும் வரி கேட்கக்கூடும். எனவே பேக்டெஸ்டில் முழு வருமான வரியைக் கழித்து ஒரு தனி நெடுவரிசையைச் சேர்த்தேன். உச்ச விகிதமாகிய 45 விழுக்காட்டில் இருப்பவருக்குக் குறியீட்டு நிதியைவிட மேலாக இருந்த அந்தச் சிறு வேறுபாடு ஏறத்தாழ முழுவதும் கரைந்துவிடுகிறது, குறைந்த விகிதத்தில் இருக்கும் ஓய்வூதியர்களுக்கு ஒரு பகுதி மிஞ்சுகிறது. இப்போது மாதப் பட்டியலில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் எதிரே வாங்கிய நாள், அடக்க விலை, மூன்று ஆண்டு நிறையும் நாள் ஆகிய மூன்றும் அச்சாகின்றன. நிறைவுக்கு மூன்று மாதங்களுக்குள் இருக்கும் பங்கை விற்கச் சொல்லும்போது நிரல் அதைத் தனியாகக் குறித்துக் காட்டி, முடிவை உறுப்பினரிடம் விட்டுவிடுகிறது.